குடத்துக்கு ஒரு மாத்திரை

ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செரு என்று ஓர் ஊர். ‘செருவு’ என்றால் தெலுங்கில் ஏரி. ஊர்ப் பேரிலேயே தண்ணீர் இருக்கிறது. 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் அவருடைய சகாக்களும் அந்த ஊரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கிருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரைச் சோதித்தபோது, லிட்டருக்கு 28 முதல் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது.

சிப்ரோஃப்ளாக்சசின் நம் எல்லாருக்கும் பழக்கமான மருந்துதான். சிறுநீர்த் தொற்று, டைபாய்டு, வயிற்றுப்போக்கு என்று எதற்கெடுத்தாலும் எழுதிக்கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில்கூட ஒரு லிட்டர் ரத்தத்தில் இரண்டு, மூன்று மில்லிகிராம் அளவுதான் இருக்கும். பட்டான்செருவில் வெளியே ஓடிய தண்ணீரில் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஒரு குடம் பதினாறு லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை ஒரு குடம் மொண்டு வற்றக் காய்ச்சினால், அடியில் ஒரு முழு மாத்திரைக்கான மருந்து தங்கும். ஒரே நாளில் வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் 45 கிலோ என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அன்றைக்கு 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன், ஐந்து நாளில் சாப்பிடும் மொத்த அளவு அது.

இந்தியாவும் ஸ்வீடனும் சுகாதாரத்திலும் சுற்றுச்சூழலிலும் கைகோத்தது பற்றிப் பேச வேண்டுமானால், ஒப்பந்தத் தாள்களைவிட இந்தக் குடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு நாடுகளையும் உண்மையில் கட்டிப்போட்டிருப்பது இந்தத் தண்ணீர்தான்.

முதலில் அந்த நிலையம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். தொழிற்சாலைகளிலிருந்து டேங்கர் லாரிகளில் கழிவு வரும். ஒவ்வொரு லாரியிலும் ஒவ்வொரு விதமான ரசாயனம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, காற்று செலுத்தி, பாக்டீரியாக்களை விட்டுத் தின்னவைப்பார்கள். ஊர்ச் சாக்கடைக் கழிவைச் சுத்தம் செய்யும் அதே முறைதான். ஆனால் இங்கே தின்ன வேண்டிய பாக்டீரியாவுக்குத் தட்டில் வைப்பதே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. அதனால் வேலை சரியாக நடப்பதில்லை. வேலை நடக்கட்டும் என்று வீட்டுச் சாக்கடை நீரையும் அதோடு கலந்தார்கள். இங்கேதான் விஷயம் விபரீதமாகிறது. மனிதக் குடலிலிருந்து வந்த கிருமிகளும், ஆன்டிபயாடிக்கும் ஒரே தொட்டியில், இரவும் பகலும். மருந்துக்கு அடங்கும் கிருமி சாகிறது. அடங்காதது பெருகுகிறது. அடங்காமல் இருக்கும் வித்தையை எழுதி வைத்திருக்கும் மரபணுவை, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் பல வருஷம் எடுத்து நடக்கும் ஒன்று, அந்தத் தொட்டியில் தினசரி வேலையாகிவிடுகிறது.

தொட்டியைத் தாண்டி வந்த நீர் இசகவாகு, நக்கவாகு என்ற ஓடைகள் வழியாக மஞ்சிரா ஆற்றுக்கும் அங்கிருந்து கோதாவரிக்கும் போனது. 2009இல் வந்த அடுத்த ஆய்வில் சுற்றியிருந்த கிராமங்களின் கிணற்று நீரிலும் மருந்துகள் இருந்தன. அந்த நிலையத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு ஏரிகளில் ஒன்றில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை இருந்தது. நிலையத்துக்கே வராத கழிவும் எங்கோ கொட்டப்படுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். 2014இல் ஹைதராபாத் பக்கத்துக் காஜிபள்ளி ஏரியையும் ஸ்வீடனின் உமியோ நகரத்துப் பக்கம் உள்ள ஓர் ஏரியையும் ஒப்பிட்டார்கள். காஜிபள்ளி ஏரியில் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் 81 வகை. ஸ்வீடன் ஏரியில் எட்டு. அளவில் பார்த்தால் ஏறத்தாழ 7000 மடங்கு வித்தியாசம்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வந்துதான் சொல்ல வேண்டியிருந்ததா? இல்லை. பட்டான்செரு விவசாயிகள் 1980களிலிருந்தே தண்ணீர் நிறம் மாறுகிறது, மாடு சாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில் மருத்துவம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ் பல ஆண்டுகள் இதற்காக அலைந்தார். 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து என்று சொல்லும் கருவி கிராமத்தில் இருக்காது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் கொண்டுவந்தது அந்த எண்ணைத்தான். புகாராக இருந்த ஒன்று அதற்குப் பிறகுதான் சான்றாக மாறியது. இரண்டு நாட்டு ஒத்துழைப்பில் இதுவரை நடந்தவற்றில் மிக உருப்படியான காரியம் இதுவே என்பது என் எண்ணம்.

சரி, ஸ்வீடனுக்கு இதில் என்ன அக்கறை? அங்கேதான் கதையின் மறுபாதி இருக்கிறது. ஸ்வீடன் ஆன்டிபயாடிக் விஷயத்தில் உலகத்திலேயே கறாரான நாடுகளில் ஒன்று. கால்நடைகள் வேகமாக வளர வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 1986லேயே தடை செய்தது, வேறெந்த நாடும் அதை முழுதாகத் தடை செய்வதற்கு முன்பே. 1995 முதல் ‘ஸ்ட்ராமா’ என்ற அமைப்பு டாக்டர்கள் ஆன்டிபயாடிக்கைத் தேவைக்கு மட்டும் எழுதுகிறார்களா என்று கவனித்துவருகிறது. 2005 முதல் மருந்துகளின் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றிய தகவலைப் பொதுமக்களே பார்க்கலாம். ஆனால் அந்தத் தகவல் எதைச் சொல்கிறது? மருந்தை ஸ்வீடனில் மக்கள் சாப்பிட்டு, அது சிறுநீரோடு போய் அங்குள்ள ஏரியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறது. மருந்து செய்யப்பட்ட ஊரின் ஏரி அதில் வராது.

லார்சன் குழு இதையும் விடவில்லை. பட்டான்செரு கழிவில் கண்ட ஒன்பது மருந்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டு செய்து ஸ்வீடனில் விற்கப்படும் 242 தயாரிப்புகளின் மூல மருந்து எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு அனுப்பும் கம்பெனிகளிடமிருந்து வந்தது. கடையில் மாத்திரை வாங்குபவருக்கு இது தெரிய வழியே இல்லை. எந்த ஊரில் மூல மருந்து செய்யப்பட்டது என்பது வியாபார ரகசியம். நம்மூரிலும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரையாக அடித்த கம்பெனியின் பேரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். அந்த மாத்திரைக்குள் இருக்கும் மருந்தைக் கொதிகலனில் சமைத்த ஊர் எது என்று அதில் தேடினாலும் கிடைக்காது.

அந்த ஊர் ஹைதராபாத் ஆனதற்கும் இரண்டு நாட்டு ஒத்துழைப்பு ஒன்றுதான் காரணம், ஆனால் அதில் கூட்டாளி ஸ்வீடன் இல்லை. 1960களில் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து நிறுவனம் அங்கே தொழிற்சாலை கட்டியது. அதில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து தனித்தனியாகக் கம்பெனி தொடங்கினார்கள். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், வேறு முறையில் செய்தால் அதே மருந்தை யாரும் செய்யலாம் என்று வழி திறந்துவிட்டது. உலகத்துக்கு மலிவு மருந்து கிடைத்தது அப்படித்தான். அந்த மலிவால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் நம் வீட்டு ஆட்களும் உண்டு. இந்த விஷயத்தைப் பேசும்போது அதை மறந்துவிடக் கூடாது. ஹைதராபாத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கிருமி எல்லை தாண்டிய நாளும் வந்தது. 2007 கடைசியில் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில், அனேகமாக எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிருமி கிடைத்தது. அது சுமந்திருந்த புதிய நொதிக்கு 2009இல் நியூடெல்லியின் பேரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பேர் வைத்தார்கள். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்தையே அது வெட்டிப் போட்டுவிடும். அடுத்த ஆண்டு ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் பெரிய ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த நொதி இருந்தது. ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37.

டெல்லியில் கொந்தளிப்பு எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் செய்த சதி என்றார்கள். ஊர்ப் பேரை நோய்க்கு வைப்பது முறையில்லைதான், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. 2011இல் ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே பேர் விஷயத்தில் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கோபம் பேரோடு நின்றிருக்க வேண்டும், கண்டுபிடிப்பையே மறுக்கும் அளவுக்குப் போயிருக்கக் கூடாது. அந்தக் கூச்சலில் சில வருஷங்கள் வீணாயின.

அதை மீட்டுக் கொடுத்தது சென்னைதான். 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் கூடி, ‘சென்னைப் பிரகடனம்’ என்ற வழித்திட்டத்தை எழுதின. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்தார். எல்லா ஆன்டிபயாடிக்கையும் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஒரே நாளில் சட்டம் போட்டால், டாக்டரே இல்லாத கிராமத்தில் என்ன ஆகும் என்று யோசித்து, முக்கியமான மருந்துகளில் தொடங்கலாம் என்றார்கள். அப்புறம் 2014 மார்ச்சில் ‘எச்1’ பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும்.

இந்தியாவும் ஸ்வீடனும் சுகாதாரத்தில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது 2009இல். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் பிரச்சினை அதில் ஒரு முக்கியத் துறையாக ஆனது. 2018இல் பிரதமர் மோடி ஸ்டாக்ஹோம் போனபோது புத்தாக்கக் கூட்டாண்மை ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இந்தத் தாள்களைவிட, அரசாங்கங்களுக்குக் கீழே சத்தமில்லாமல் நடக்கும் வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனமும் உஜ்ஜைன் மருத்துவக் கல்லூரி ஒன்றும் நெடுங்காலமாகச் சேர்ந்து ஆராய்கின்றன. ஆஸ்பத்திரிச் சாக்கடையில் என்ன ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று பார்த்தார்கள். கும்பமேளா நடக்கும் க்ஷிப்ரா ஆற்றில், பருவத்துக்குப் பருவம், பல இடங்களில் நீரும் வண்டலும் எடுத்துச் சோதித்தார்கள். ஒரு தடவை வந்து மாதிரி எடுத்துப் போவதற்கும், அதே ஆற்றங்கரைக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகையில்தான் உள்ளூர் ஆய்வாளர்கள் வளர்கிறார்கள்.

அளப்பதில் இப்படி நன்றாக நடந்த கூட்டு, விலையில் வந்து தட்டி நிற்கிறது.

ஸ்வீடனில் 2002 முதல் ஒரு முறை இருக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்து என்றால், மருந்துக் கடை அந்த மாதத்தில் விலை குறைந்த தயாரிப்பையே கொடுக்க வேண்டும். மாதா மாதம் கம்பெனிகள் விலை சொல்கின்றன, மிகக் குறைத்தவருக்கு அந்த மாதச் சந்தை. வரிப்பணத்தை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சில காசு வித்தியாசத்தில் மாதச் சந்தையே கைமாறும் என்றால், கழிவுநீருக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் கம்பெனி தோற்கும், ஓடையில் திறந்துவிடுபவர் ஜெயிப்பார். ஒரு கையால் ஆய்வாளரை அனுப்பி ஏரியை அளக்கச் சொல்லும் நாடு, இன்னொரு கையால் அந்த ஏரியைக் கெடுப்பவருக்கே ஆர்டர் கொடுக்கும் நிலை. இது யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஆராய்ச்சி ஓர் அலுவலகத்தில், கொள்முதல் இன்னொரு அலுவலகத்தில், அவ்வளவுதான்.

இந்தியப் பக்கமும் தயங்கியது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில், மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்குத் தனித்தனியாக உச்ச அளவு குறிக்கப்பட்டிருந்தது. வேறெந்த நாட்டுச் சட்டத்திலும் அப்போது இல்லாத ஏற்பாடு. படித்தபோது மனசு நிறைந்தது. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்தப் பட்டியல் முழுக்கக் காணாமல் போயிருந்தது. இத்தனை மருந்தை அளக்க ஆய்வகம் எங்கே, சின்னக் கம்பெனி என்ன செய்யும் என்ற கேள்விகள் உண்மையானவைதான். அதற்கு விடை பத்து மருந்திலாவது தொடங்குவது. பட்டியலையே எடுத்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்குக்கு இடமே இல்லை. திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நொய்யல் ஆறு சாயக்கழிவில் செத்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது. சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, கடைசியில் உப்பாக அள்ளுவது. பெரிய மருந்துக் கம்பெனிகள் பல இதே முறையைத்தான் வைத்திருக்கின்றன. கரண்டும் விறகும் நிறையக் குடிக்கும், கடைசியில் அள்ளும் உப்பை எங்கே கொட்டுவது என்ற தலைவலியும் உண்டு. அதனால் எல்லாக் கழிவையும் கலப்பதற்கு முன்பே, ஆன்டிபயாடிக் வரும் அந்த ஒரு குழாயை மட்டும் தனியாகப் பிரித்துக் காரத்தாலோ வெப்பத்தாலோ ஓசோனாலோ மருந்தைச் சிதைப்பது சிக்கனமான வழி. ஓசோனில் ஸ்வீடனுக்கு அனுபவம் இருக்கிறது. லின்ஷோப்பிங் நகரம் 2017 முதல் தன் ஊர்ச் சாக்கடை நீரிலிருந்தே மருந்து மிச்சங்களை ஓசோன் விட்டு நீக்குகிறது.

எவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்பதற்கும் இப்போது அளவுகோல் வந்துவிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் ஆற்று நீரில் லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமுக்கு (ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் எதிர்ப்புக் கிருமி உருவாகத் தூண்டலாம் என்பது லார்சனும் அவரது சகா பெங்ட்சன்-பால்மேயும் 2016இல் சொன்ன கணக்கையொட்டி மருந்துத் துறையே ஏற்றுக்கொண்ட அளவு. 2007இல் பட்டான்செரு நிலையத்தின் வாயில் கண்டது அதைப் போல ஐந்து லட்சம் மடங்கு. ஆற்றில் கலந்து நீர்த்துப்போகும் என்று எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் கணக்கு நேராகாது. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் ஆன்டிபயாடிக் தொழிற்சாலைக் கழிவுக்கு முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது தாமதமாக வந்த காகிதம்தான். வந்தவரை நல்லது.

விலைச் சிக்கலை உடைக்க ஒரு வழியை ஸ்வீடனின் பக்கத்து நாடு காட்டியிருக்கிறது. நார்வே 2019இல் ஆஸ்பத்திரிகளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கும் டெண்டரில், மதிப்பெண்ணில் 30 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது. சுத்தமாகச் செய்பவர் கொஞ்சம் விலை கூட்டிச் சொன்னாலும் ஜெயிக்கலாம். ஸ்வீடனில் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது 21 பிராந்திய நிர்வாகங்கள். அவையும் டெண்டர் வழியாகத்தான் வாங்குகின்றன. ஆனால் ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டின் ஆர்டர் மட்டும் ஹைதராபாத்தின் போக்கை மாற்றிவிடாது. அங்கே செய்யும் மருந்தை வாங்கும் பெரிய கைகளில் இந்தியாவுடையதும் ஒன்று.

அப்படிப் பார்த்தால் கேள்வி நம் வாசலுக்கும் வருகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக, வெளிப்படையாக, குறைந்த விலையில் மருந்து வாங்கும் முறையை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. பல மாநிலங்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. மலிவாக வாங்கலாம், ஆனால் தரத்தை விட்டுக்கொடுக்காமல் வாங்கலாம் என்று காட்டியது அந்தக் கழகம். வந்த சரக்கை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ஆன்டிபயாடிக் டெண்டர் படிவத்தில் இன்னும் மூன்று வரி சேர்ப்பது அந்த வழக்கத்தின் நீட்சியாகத்தான் இருக்கும். மூல மருந்து செய்த ஊர் எது. அங்கிருந்து வெளியேறும் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது யார், எந்தத் தேதியில். அதில் இந்த மருந்து லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் இருந்தது.